லியூ சிஷினின் 'மூவுடல்' நாவல்கள்: வியக்க வைப்பதும் விட்டுப்போனதும்

1967ஆம் ஆண்டு. பீஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு கண்டனக் கூட்டம் நடக்கின்றது. மேடையில் நிறுத்தப்பட்டிருப்பவர் பௌதிகவியல் பேராசிரியர் யே ஜெதாய். ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டை மாணவர்களுக்குக் கற்பித்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருடைய மனைவியே மேடையேறி அவருக்கு எதிராகப் பேசுகின்றார். பாடசாலை வயதைத் தாண்டாத நான்கு செங்காவலர் சிறுமிகள் இடுப்புப் பட்டிகளால் அடித்தே அவரைக் கொன்றுவிடுகின்றனர். கூட்டத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார் மகள் யே வென்ஜியே.

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் மூன்று விஞ்ஞானப் புனைகதை நாவல்களும் இந்தக் காட்சியிலிருந்தே பிறக்கின்றன. 'மூவுடல் சிக்கல்', 'இருண்ட காடு', 'மரணத்தின் முடிவு' என்ற பெயர்களில் ஆங்கிலம் வழியாக உலகெங்கும் அறியப்பட்ட நூல்கள் இவை. 2008இல் முதலாவது நாவல் சீனத்தில் நூலாக வந்தபோது இந்தக் காட்சி தொடக்கத்தில் இருக்கவில்லை. அரசியல் காரணங்களுக்காக நூலின் நடுப்பகுதிக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கென் லியூ, ஆசிரியரின் சம்மதத்தோடு அதனை முதலாம் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தார். லியூ சிஷின் முதலில் விரும்பியிருந்த இடமும் அதுவே.

(கதையின் முக்கிய திருப்பங்கள் இக்கட்டுரையில் பேசப்படுகின்றன. நூல்களை இனிமேல்தான் வாசிக்கப் போகின்றவர்கள் இதனைக் கவனத்திற்கொள்ளவும்.)

லியூ 1963இல் பிறந்தவர். ஷான்சி மாகாணத்தின் நியாங்சிகுவான் மின் உற்பத்தி நிலையத்தில் கணினிப் பொறியியலாளராக வேலை செய்துகொண்டே எழுதியவர். முதலாவது நாவல் 2006இல் செங்டு நகரிலிருந்து வெளிவரும் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை ஒன்றில் தொடராக வந்தது. இரண்டாவது 2008இலும் மூன்றாவது 2010இலும் நூல்களாயின. ஆங்கிலத்தில் முதலாவதையும் மூன்றாவதையும் கென் லியூவும், இரண்டாவதை ஜோயல் மார்ட்டின்சனும் மொழிபெயர்த்தனர். 2015இல் 'மூவுடல் சிக்கல்' சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. அந்தப் பிரிவில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வென்றது அதுவே முதற்தடவை. வெள்ளை மாளிகையில் இருந்த காலத்தில் இதனை வாசித்த பராக் ஒபாமா, இதன் பிரமாண்டத்துக்கு முன்னால் காங்கிரஸுடனான தனது அன்றாடச் சச்சரவுகள் அற்பமாகத் தோன்றின என்று பின்னர் கூறியிருந்தார்.

மூன்றாவது நூலின் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. சீன மூலத்தின் தலைப்பு 'மரண தேவன் என்றென்றும் வாழ்கின்றான்' என்று பொருள்படும். ஆங்கிலத் தலைப்போ மரணத்துக்கே முடிவு வந்துவிட்டதாகத் தொனிக்கின்றது. நூலை முடித்த பிறகு யோசித்தால் சீனத் தலைப்பே பொருத்தமானது.

ஒரு பொத்தானும் நானூறு ஆண்டுகளும்

தந்தையை இழந்த யே வென்ஜியே, வடகிழக்கின் காடுகளில் மரம் வெட்டும் வேலைக்கு அனுப்பப்படுகின்றார். அங்கே அவர் நம்பிய ஒரு பத்திரிகையாளன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரைக் காட்டிக்கொடுக்கின்றான். பின்னர் ஒரு மலையுச்சியிலுள்ள இரகசிய வானொலித் தளத்தில் வேலைக்குச் சேர்க்கப்படுகின்றார். அங்கிருந்து அவர் விண்வெளிக்கு அனுப்பும் செய்தி, மூன்று சூரியன்களுக்கிடையே அலைக்கழியும் ஒரு கிரகத்தைச் சென்றடைகின்றது. ஆண்டுகள் கழித்து வரும் பதில் ஓர் எச்சரிக்கை. பதிலளிக்க வேண்டாம், பதிலளித்தால் உங்கள் இருப்பிடம் தெரிந்துவிடும், எங்கள் படைகள் வந்துவிடும் என்கிறது அது. யே வென்ஜியே பதிலளிக்கின்றார். மனித இனம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது, வெளியிலிருந்து யாராவது வரட்டும் என்பது அவருடைய முடிவு. படையெடுப்புக் கப்பல்கள் பூமியை வந்தடைய நானூறு ஆண்டுகளுக்கு மேலாகும்.

விஞ்ஞானப் புனைகதைகளில் வேற்றுக்கிரகவாசிகளை வரவழைக்கும் துரோகிகள் பலர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பைத்தியக்காரர்கள் அல்லது பேராசைக்காரர்கள். யே வென்ஜியே இரண்டுமில்லை. அவருடைய முடிவைப் பிழையென்று சொல்லும் வாசகரும் அவர் ஏன் அந்த முடிவை எடுத்தார் என்பதைப் புரிந்துகொள்கின்றார். காலம் கடந்து, தந்தையைக் கொன்றவர்களில் உயிரோடிருக்கும் மூவரையும் அவர் அழைத்துச் சந்திக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கின்றார். அவர்களும் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டு, உடலும் மனமும் சிதைந்து வந்திருக்கின்றார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. மூன்று நூல்களிலும் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் பக்கங்கள் இவையே. இதில் விண்கலமும் இல்லை, புதிய கருவியும் இல்லை.

லியூவின் புகழ் இந்தப் பக்கங்களால் வந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கருத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் காட்சிகளாக்கும் ஆற்றலால் வந்தது அது. கணினி எப்படி இயங்குகின்றது என்பதை விளக்க அவர் முப்பது மில்லியன் போர்வீரர்களை ஒரு சமவெளியில் நிறுத்துகின்றார். பேரரசர் சின் ஷி ஹுவாங் பார்த்திருக்க, ஒவ்வொரு வீரனும் கறுப்புக்கொடி அல்லது வெள்ளைக்கொடியை உயர்த்துகின்றான். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தர்க்கக் கதவு. இரண்டு பேரின் கொடிகளைப் பார்த்து மூன்றாமவன் தன் கொடியைத் தீர்மானிக்கின்றான். அவ்வளவுதான். ஆனால் கோடிக்கணக்கில் பெருகும்போது சமவெளி முழுவதும் கணக்குப் போடுகின்றது. கணினி விஞ்ஞானத்தின் முதலாம் பாடத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன நாவல் வேறொன்றை நான் அறியேன். பனாமா கால்வாயின் குறுக்கே கட்டப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத நனோ இழைகள் ஒரு கப்பலை ஓசையின்றித் துண்டு துண்டாக அறுக்கும் காட்சியும் இதே ரகம்.

இரண்டாவது நூலில் வரும் 'நீர்த்துளி' எல்லாவற்றுக்கும் மேல். எதிரிகள் அனுப்பிய சிறிய கலம், கண்ணாடி போல் மினுங்கும் துளி வடிவம். பூமியின் ஏறத்தாழ 2000 போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்று அதனை வரவேற்கின்றன. சமாதானப் பரிசு என்று எண்ணுகின்றார்கள். நெருங்கிச் சென்ற விஞ்ஞானிகள் அதன் மேற்பரப்பை உருப்பெருக்கிப் பார்க்கின்றார்கள். எவ்வளவு பெருக்கினாலும் வழுவழுப்பு மாறவில்லை. அணுக்களின் அசைவே இல்லாத ஒரு பொருள் அது. மனிதர்கள் செய்த எதனாலும் அதில் ஒரு கீறலைக்கூடப் போட முடியாது என்பது அந்தக் கணத்திலேயே சிலருக்கு விளங்கிவிடுகின்றது. அடுத்து அந்தத் துளி கப்பல்களை ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு போகின்றது. குண்டோ கதிரோ இல்லை, வெறும் மோதல். இரண்டு நூற்றாண்டுகளாகச் சேர்த்த தன்னம்பிக்கை சில மணி நேரத்தில் அழிகின்றது.

கொழும்பில் வாழ்ந்தவரின் மாணவன்

தான் எழுதுவதெல்லாம் ஆர்தர் சி. கிளார்க்கைத் திறமையின்றிப் பின்பற்றும் முயற்சியே என்று லியூ பல தடவைகள் சொல்லியிருக்கின்றார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார். 'மூவுடல் சிக்கல்' நூலாக வெளிவந்த அதே ஆண்டு. 2018இல் கிளார்க் பெயரிலான அமெரிக்க நிதியம் லியூவுக்கு விருதும் வழங்கியது. இலங்கையை ஒத்த தீவொன்றின் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதையை கிளார்க் 1979இல் எழுதினார். 'இருண்ட காடு' நாவலில் அத்தகைய மின்தூக்கிகள் நடைமுறைக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் மாணவன் ஆசானிடமிருந்து விலகிப் போகும் இடம்தான் முக்கியமானது. கிளார்க்கின் பேரண்டத்தில் நம்மைவிட உயர்ந்தவர்கள் இருந்தால் அவர்கள் நம்மை வளர்த்துவிட வருகின்றார்கள், அல்லது நம்மைக் கவனிக்காமலே கடந்து போகின்றார்கள். லியூவின் பேரண்டத்தில் அவர்கள் கொல்ல வருகின்றார்கள். அதுவும் வெறுப்பினால் அல்ல.

இங்குதான் 'இருண்ட காடு' என்ற கோட்பாடு வருகின்றது. உயிர்வாழ்தலே ஒவ்வொரு நாகரிகத்தினதும் முதல் தேவை. நாகரிகங்கள் பெருகிக்கொண்டே போகும், பேரண்டத்திலுள்ள பொருளின் அளவோ கூடாது. தூரம் அதிகம் என்பதால் மற்றவன் நல்லவனா கெட்டவனா என்று அறிய வழியில்லை. நான் அவனைச் சந்தேகிக்கின்றேன் என்று அவன் சந்தேகிக்கின்றான் என்று நான் சந்தேகிக்கின்றேன். இந்தச் சந்தேகச் சங்கிலி அறுவதில்லை. இன்று பலவீனமானவன் நாளை தொழில்நுட்பத்தில் பாய்ந்து முன்னேறிவிடலாம். ஆகவே காட்டில் இன்னொருவனைக் கண்டால் உடனே சுடு. பேரண்டம் ஏன் இவ்வளவு மௌனமாக இருக்கின்றது என்று 1950இல் என்ரிக்கோ ஃபெர்மி எழுப்பிய கேள்விக்கு லியூ தரும் பதில் இது. எல்லோரும் ஒளிந்திருக்கின்றார்கள்.

இது முற்றிலும் புதிய சிந்தனையல்ல. டேவிட் பிரின், கிரெக் பெயர் போன்றோர் 1980களிலேயே இதனை ஒத்த கருத்துகளை எழுதியுள்ளனர். ஆனால் ஒரு கணிதத் தேற்றம் போல இரண்டு எடுகோள்களிலிருந்து அதைக் கட்டியெழுப்பி, அந்தத் தேற்றத்தையே ஒரு தனிமனிதன் ஆயுதமாக ஏந்தும் கதையாக ஆக்கியது லியூவின் சாதனை. வாசித்து முடித்ததும் அதிலிருந்து தப்ப வழியே இல்லை போலத் தோன்றும். சீனாவில் வர்த்தகத் துறையினர்கூட இந்நூல்களின் சொற்களை எடுத்துப் புழங்குகின்றார்கள். மூன்றாவது நூலில் வரும் 'பரிமாணக் குறைப்புத் தாக்குதல்' என்ற தொடர், பலம்மிக்க நிறுவனமொன்று சிறிய போட்டியாளரை நசுக்குவதைக் குறிக்கும் வழக்காகிவிட்டது. கொலைத் தர்க்கம் ஒன்று முகாமைத்துவப் பாடமாகியிருக்கின்றது.

என் பார்வையில் நாவலே இந்தத் தேற்றத்தை மறுக்கின்றது. யே வென்ஜியேக்கு வந்த முதலாவது பதிலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 'பதிலளிக்க வேண்டாம்' என்று எச்சரித்தவர் மூவுடல் கிரகத்தின் 1379ஆம் செவிமடுக்கும் நிலையத்தில் தனியாக வாழ்ந்த ஓர் ஊழியர். தன் நாகரிகத்தின் அழிவையும் தன் உயிரையும் பணயம் வைத்து, முகம் தெரியாத ஓர் உலகத்தைக் காப்பாற்றப் பார்த்தவர். இரண்டு எடுகோள்களுக்குள்ளும் அடங்காத செயல் அது. முழுக் காட்டிலும் முதலில் சந்தித்த வேட்டைக்காரனே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடு என்கின்றான். அதைக் கேட்டும் கூப்பிட்டது நாம்தான். லியூ இந்த மனிதாபிமானியை எழுதுகின்றார், பிறகு கோட்பாட்டுக்கு இடைஞ்சல் என்பதுபோல ஓரத்தில் விட்டுவிடுகின்றார். இரண்டாம் மூன்றாம் நூல்கள் அந்த ஊழியர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் இது இன்னும் பெரிய படைப்பாக இருந்திருக்கும்.

தர்க்கத்திலும் ஓட்டை உண்டு. பூமியின் வளிமண்டலத்தில் இரண்டு பில்லியன் ஆண்டுகளுக்கு மேலாக ஒட்சிசன் இருக்கின்றது. ஒளிநிறமாலையை ஆராயத் தெரிந்த எந்த வேட்டைக்காரனும் வானொலிச் செய்திக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நாம் ஒளிந்திருந்ததே இல்லை.

மனிதர்கள் மெலியும் இடம்

இந்நூல்களைப் பற்றிய பொதுவான குறை, பாத்திரங்கள் உயிரற்றவை என்பது. முழுக்கச் சரியல்ல. யே வென்ஜியே இருக்கின்றார். சிகரெட்டும் கையுமாக அலையும் பொலிஸ்காரர் ஷி சியாங் இருக்கின்றார். விஞ்ஞானிகள் மனமுடைந்திருக்கும்போது அவர்களை வயல்வெளிக்கு இழுத்துச் சென்று, மனிதன் இவ்வளவு காலமாக அழிக்க முயன்றும் அழியாத வெட்டுக்கிளிகளைக் காட்டுபவர் அவர். ஆனால் நூல்கள் செல்லச் செல்ல மனிதர்கள் மெலிந்து போகின்றார்கள் என்பது உண்மை. பலர் ஒரு கருத்தை விளக்கவே வருகின்றார்கள், விளக்கியதும் போய்விடுகின்றார்கள். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சியில் தொடங்கும் மூன்றாவது நூல் 18 மில்லியன் ஆண்டுகளுக்கும் அப்பால் போய் முடிகின்றது. அந்த அளவுகோலில் ஒரு முகத்தைப் பார்ப்பது கடினம்தான்.

பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை இது சாக்குப்போக்கு ஆகாது. 'இருண்ட காடு' நாவலில் உலகைக் காப்பாற்ற எல்லையற்ற அதிகாரம் பெறும் லுவோ ஜி, அந்த அதிகாரத்தால் முதலில் கேட்பது தன் கற்பனைக் காதலியை ஒத்த ஒரு பெண்ணை. பொலிஸ்காரரும் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவருகின்றார். ஜுவாங் யான் என்ற அந்தப் பெண் வருகின்றார், காதலிக்கின்றார், குழந்தை பெறுகின்றார், பிறகு லுவோ ஜியை வேலை செய்ய வைப்பதற்காக உறைதூக்கத்துக்கு அனுப்பப்படுகின்றார். அவருக்கு என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்பதில்லை, ஆசிரியர் உட்பட.

மூன்றாவது நூலின் செங் ஷின் விடயம் இன்னும் சிக்கலானது. அரை நூற்றாண்டுக்கு மேலாக லுவோ ஜி ஏந்தியிருந்த அழிவின் பொத்தானை மக்கள் செங் ஷின்னிடம் ஒப்படைக்கின்றார்கள். எதிரி உடனே தாக்குகின்றான். இரண்டு உலகங்களையும் கொல்ல மனமின்றி அவர் பொத்தானை அழுத்தாமல் விடுகின்றார். பின்னர் ஒளிவேகக் கலத்துக்கான ஆய்வையும் உயிர்ச்சேதத்துக்கு அஞ்சி நிறுத்துகின்றார். இரண்டு தடவையும் கருணையின் விலை பேரழிவு. இரண்டு தடவையும் கடுமையான ஆண்களே சரியாகச் சிந்தித்தவர்கள் என்று கதை காட்டுகின்றது. அமைதிக் காலத்தில் ஆண்கள் பெண்தன்மை அடைந்துவிட்டதாகவும், அதனாலேயே மனிதகுலம் பலவீனமானதாகவும் எழுதப்பட்டுள்ள பகுதிகள் இன்றைய வாசகருக்கு எரிச்சலூட்டும். செங் ஷின்னை வெறுக்கும்படி கதையின் சீட்டுக்கட்டு முன்கூட்டியே அடுக்கப்பட்டிருக்கின்றது. ஆயினும் அவரைப் பொத்தானுக்குத் தெரிவு செய்தது அவரல்ல, மக்கள் கூட்டம். லுவோ ஜியைத் தெய்வமாக்கி, பிறகு குற்றவாளியாக்கிய அதே கூட்டம். 1967இல் மேடையைச் சுற்றி நின்ற கூட்டத்தின் சாயல் மூன்று நூல்களிலும் தொடர்கின்றது. லியூ அதனைத் திட்டமிட்டுச் செய்தாரா தெரியாது, ஆனால் அந்தச் சாயலை மறக்க முடியவில்லை.

விஞ்ஞானம் எவ்வளவு சரி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டு பொருள்களின் ஈர்ப்பு இயக்கத்தை எளிதாகக் கணிக்கலாம். மூன்றாகிவிட்டால் பொதுவான தீர்வு கிடையாது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி பொயின்காரே காட்டினார். அதுவரை சரி. ஆனால் நமக்கு மிக அருகிலுள்ள, நாவலின் அடிப்படையான அல்ஃபா சென்டாரி தொகுதியில் இரு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கொரு முறை சுற்ற, மூன்றாவது வெகுதொலைவில் தனியே சுற்றுகின்றது. நாவலில் வரும் கொந்தளிப்பு அங்கே இல்லை. குவாண்டம் பிணைப்பின் மூலம் கணப்பொழுதில் செய்தி அனுப்புவதும் முடியாது. பின்னலாம், செய்தி அனுப்ப முடியாது என்பதே இன்றைய பௌதிகவியல். சூரியனை வானொலிப் பெருக்கியாகப் பயன்படுத்துவதும் கற்பனையே. இவையெல்லாம் கதைக்குப் பெரிய குறைகளல்ல.

லியூவின் அரசியல் குறித்தும் சர்ச்சை உண்டு. 2019இல் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகைக்கு அளித்த நேர்காணலில், ஷின்ஜியாங்கின் உய்குர் முஸ்லிம்கள் மீதான சீன அரசின் நடவடிக்கைகளை அவர் ஆதரித்துப் பேசினார். அடுத்த ஆண்டு ஐந்து அமெரிக்க செனட்டர்கள் நெற்ஃபிளிக்ஸுக்குக் கடிதம் எழுதினர். செங்காவலர் கூட்டத்தை அப்படி எழுதிய கை இப்படியும் பேசுமா என்று வாசகர்கள் திகைத்தார்கள். நூல்களைக் கவனமாக வாசித்தவர்களுக்கு அவ்வளவு திகைப்பு இருக்காது. உயிர்பிழைத்தலுக்கு முன்னால் மற்ற எல்லாம் இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் அவற்றில் ஆரம்பத்திலிருந்தே ஓடுகின்றது.

ஆனாலும் அதே நூல்களில்தான் 'பாடகன்' என்ற அத்தியாயமும் இருக்கின்றது. நமது சூரியக் குடும்பத்தை இரு பரிமாணமாகத் தட்டையாக்கி அழிப்பவன் ஒரு பேரரசனோ படைத்தளபதியோ அல்ல. ஏதோவொரு தொலைதூரக் கலத்தில் வேலை பார்க்கும் கீழ்நிலை ஊழியன். பாட்டுப் பாடிக்கொண்டே தன் கடமையைச் செய்கின்றான். ஆயுதத்துக்கு மேலதிகாரியிடம் அனுமதி கேட்கின்றான், அவரும் பெரிதாக யோசிக்காமல் கொடுத்துவிடுகின்றார். சில பக்கங்களே வரும் அந்த அத்தியாயத்தில் கோபமில்லை, பகையில்லை, கோப்பு ஒன்றை மூடுவது போன்ற ஒரு சலிப்பு மட்டும். புளூட்டோவில் நின்று சூரியன் ஓவியம் போல விரிந்து தட்டையாவதைப் பார்க்கும் பகுதி அதன் பின்னர் வருகின்றது. மூன்று நூல்களின் ஆகச்சிறந்த கற்பனை அது. 1379ஆம் நிலையத்து ஊழியரும் இந்தப் பாடகனும் செய்தது ஏறத்தாழ ஒரே உத்தியோகம்.

திரை வடிவங்களும் உண்டு. சீனாவின் டென்சென்ட் 2023இல் 30 பகுதிகளாக வெளியிட்டது நூலுக்கு நெருக்கமானது, ஆனால் கலாசாரப் புரட்சிக் காட்சிகள் அதில் மென்மையாக்கப்பட்டிருந்தன. நெற்ஃபிளிக்ஸ் 2024 மார்ச்சில் 8 பகுதிகளாக வெளியிட்டது கதையின் பெரும்பகுதியை இங்கிலாந்துக்கு மாற்றிவிட்டது. கண்டனக் கூட்டத்தை மட்டும் தொடக்கத்திலேயே முழுமையாகக் காட்டுகின்றது.

புதிதாக வாசிக்க நினைப்பவர்கள் முதலாவது நூலிலிருந்தே தொடங்க வேண்டும். தனித்தனியாக வாசிக்க முடியாது. சீனப் பெயர்கள் முதல் ஐம்பது பக்கங்களுக்குத் தடுமாற வைக்கும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது உதவும். இரண்டாவது நூலின் முதல் மூன்றிலொரு பங்கு மிகவும் மெதுவானது. அங்கே பலர் நூலை மூடிவிடுகின்றார்கள். நீர்த்துளி வரும்வரை பொறுத்திருங்கள்.